கேள்வி நேரம்

குதிரைப் பந்தயம் முடிந்து இரண்டு நாளாகியும் செல்டன்ஹாம் நடைபாதைகளில் கிழிந்த பந்தயச் சீட்டுகள் கிடந்தன. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் நான்கு நாட்கள் இந்த ஊர் ஊர்க்காரர்கள் கையில் இருப்பதில்லை. அயர்லாந்திலிருந்து சாரிசாரியாக வந்து இறங்குகிறார்கள். விடுதி வாடகை எங்கோ போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்த பிறகுதான் தெருக்கள் மறுபடி உள்ளூர் முகங்களைப் பார்க்கின்றன. 2025ஆம் ஆண்டின் அந்த ஞாயிறு மாலை, கடைத்தெருவை விட்டு ஒதுங்கிய ஒரு சந்தில், குவேக்கர்களின் கூட்ட இல்லத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மாதம் ஒரு முறை உள்ளூர் மனிதநேய மன்றத்தார் அங்கே கூடுகிறார்கள். கடவுளை நம்பாதவர்கள், அல்லது கடவுளைப் பற்றிக் கவலைப்படாமலே நல்லபடி வாழலாம் என்று நினைப்பவர்கள். சொந்த இடம் கிடையாது. பிரிட்டனில் இப்படிப்பட்ட சிறு மன்றங்கள் பலவும் குவேக்கர்களிடம்தான் வாடகைக்கு இடம் பிடிக்கின்றன. குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்திலிருந்து கிளைத்தவர்கள். பாதிரியார், பிரசங்கம் எதுவும் இல்லாமல் ஒன்றாக உட்கார்ந்து மௌனமாக இருப்பதே அவர்களுடைய வழிபாடு. யாருக்காவது சொல்ல ஏதாவது தோன்றினால் எழுந்து சொல்வார்கள்; தோன்றாவிட்டால் ஒரு மணி நேரமும் மௌனம்தான். காலையில் அவர்கள் மௌனம் காத்த அதே நாற்காலிகளில் மாலையில் இவர்கள் உட்கார்ந்து வாதிடுகிறார்கள். மேடை இல்லை. நாற்காலிகள் நான்கு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி கிடக்கின்றன. பேசுகிறவர் கேட்கிறவரைவிட ஓர் அங்குலம்கூட உயரத்தில் இல்லை. அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எனக்கு ஜன்னல் ஓரத்து நாற்காலி. வாய் திறக்கும் உத்தேசம் இல்லை. பார்க்கத்தான் வந்திருந்தேன்.

முதலில் வந்தவர் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தார். ஒல்லியான முதியவர், கம்பளிச் சட்டையின் முழங்கையில் தோல் ஒட்டு. பிஸ்கட்டை டப்பாவிலிருந்து எடுத்துத் தட்டில் வட்டமாக அடுக்கினார், ஒன்று உடைந்திருந்தது, அதைத் தானே தின்றார். அடுத்து வந்த பெண்மணி சாவு வீடுகளில் மதச் சடங்கு இல்லாத இறுதி நிகழ்ச்சிகளை நடத்திக் கொடுப்பவர். அன்றும் ஒன்றை முடித்துவிட்டு வந்திருப்பார் போலிருந்தது. கறுப்பு மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுச் சிவப்புக் கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டார். முப்பது வயதுக்காரர் ஒருவர். என்ன வேலை என்று யாரோ கேட்டதற்கு, ‘அரசாங்க வேலை’ என்றார். செல்டன்ஹாமில் அதற்குமேல் யாரும் துருவ மாட்டார்கள். பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு உளவுத் துறையின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. வாசலை ஒட்டிய நாற்காலியில் ஓய்வுபெற்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் ஒருவர் வந்து அமர்ந்தார். அவர் தவறாமல் வருகிறவராம். அவரைப் பார்த்ததும் தேநீர்க்காரர் கேட்காமலே பால் ஊற்றாத கோப்பையை நீட்டினார்.

பல தலைகள் நரைத்திருந்தன. மூலையில் மட்டும் ஒரு கல்லூரி மாணவி, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு. சக்கர நாற்காலியில் ஒரு பெண் வந்தபோது இரண்டு பேர் எழுந்து நாற்காலி ஒன்றை நகர்த்தி இடம் செய்தார்கள். அவர் அந்த இடத்துக்குப் போகவில்லை. முன்வரிசையில் வேறோர் இடத்தைக் காட்டி, ‘எனக்கு அங்கே வேண்டும்’ என்றார். மறுபடி நாற்காலிகள் நகர்ந்தன.

அன்றைய பொருள் சாவு. தீராத நோயில் இருப்பவர், மருத்துவர் உதவியோடு தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரலாமா என்ற கேள்வி. கிம் லெட்பீட்டர் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2024 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் 330க்கு 275 என்று முதல் தடையைத் தாண்டியிருந்தது. வயது வந்தவராக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று கணிக்கப்பட்டவராக, தெளிந்த மனநிலையில் முடிவெடுக்கக் கூடியவராக இருக்க வேண்டும். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து ஒப்ப வேண்டும். மருந்தை நோயாளி தன் கையாலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்ற விதியும் முதலில் இருந்தது. மசோதாவை வரிவரியாக ஆராய்ந்த குழு அந்த விதியை நீக்கியது பந்தயம் நடந்த அதே வாரத்தில்தான். அதனால் அறைக்குள் வந்தவர்கள் சூடாகவே வந்திருந்தார்கள். கோடையில், ஜூன் 20 அன்று, மசோதா 314க்கு 291 என்ற கணக்கில் காமன்ஸைத் தாண்டியது. இங்கே சொல்வது அதற்கு மூன்று மாதம் முந்தைய மாலை.

மனிதநேயர்களின் தேசிய அமைப்பு இந்த மாற்றத்துக்காக நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகிறது. ஆகவே உள்ளூர் மன்றத்தில் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள், விவாதம் பெயருக்குத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஆனால் வாதிட வந்த இருவருமே மன்றத்தின் பழைய உறுப்பினர்கள். ஆதரித்துப் பேச ஓய்வுபெற்ற குடும்ப மருத்துவர். எதிர்த்துப் பேச, சாவை எதிர்நோக்கும் நோயாளிகளின் இல்லத்தில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த செவிலியர். இருவருக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை. இருவரும் படுக்கை அருகே நின்று நிறையச் சாவுகளைப் பார்த்தவர்கள்.

தலைமை வகித்தவர் கணக்கு டீச்சராக இருந்தவர் என்று பக்கத்தில் கிசுகிசுத்தார்கள். சமையலறை அலார மணி ஒன்றை மேசையில் வைத்தார். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். அதற்கு முன் ஒரு நிபந்தனை: தன் வாதத்தைத் தொடங்குமுன் எதிராளியின் வாதத்திலேயே பலமானது எதுவோ அதைச் சொல்ல வேண்டும். எதிராளி தலையசைத்தால்தான் மேலே பேசலாம்.

இது நமக்குப் புதிதில்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் தன் மதத்தைச் சொல்லும் சுபக்கத்துக்குப் போகுமுன் மாற்றாரின் மதங்களைப் பரபக்கத்தில் எடுத்துவைக்கிறது. அந்த வரிசையின் முதலிலேயே கடவுளை மறுக்கும் உலகாயதன் நிற்கிறான். மணிமேகலையும் வஞ்சி நகரத்தில் மாற்றுருவில் போய் ஒவ்வொரு சமயக்கணக்கரிடமும் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். எதிராளியின் வாதத்தைக் கெடுத்துச் சொல்லி ஜெயிப்பதை வாதம் என்று நம் மரபு எந்தக் காலத்திலும் ஒப்பவில்லை. இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் இது எங்கே போயிற்று என்ற ஆற்றாமை எனக்கு உண்டு.

மருத்துவர் எழுந்தார். கையிலிருந்த தாள் லேசாக நடுங்கியது; முதுமையின் நடுக்கம். ‘தனக்காக மற்றவர்கள் கஷ்டப்படுகிறார்களே என்று நோயாளி நினைப்பார். யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. அந்த நினைப்பே வற்புறுத்தும். எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதம் இது’ என்றார். செவிலியர் தலையசைத்தார். பிறகு அவர் எழுந்து, ‘எவ்வளவு நல்ல பராமரிப்பிலும் அடங்காத வலி உண்டு. கொஞ்சம் பேருக்குத்தான், ஆனால் உண்டு. நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொல்ல என்னிடம் எதுவும் இருந்ததில்லை’ என்றார். மருத்துவர் உடனே தலையசைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் அசைத்தார்.

வாதங்களை முழுதும் எழுத வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் தற்கொலையைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் அதற்கு உதவுகிறவருக்குப் பதினான்கு ஆண்டு வரை சிறை என்று வைத்தது. மனைவியைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போய்க் கடைசி வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்த கணவர் ஊர் திரும்பும்போது போலீஸ் விசாரணைக்கு நிற்க வேண்டி வரலாம். விமானச் சீட்டுக்கும் அங்குள்ள கட்டணத்துக்கும் பணம் உள்ளவருக்கு ஒரு சாவு, இல்லாதவருக்கு வேறொரு சாவு என்றாகிவிட்டது. மருத்துவர் இதை நிதானமாகச் சொன்னார். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இதுபோன்ற சட்டம் 1997 முதல் நடைமுறையில் இருப்பதையும் சொன்னார். செவிலியர் கையில் குறிப்பே இல்லை. சிசலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கியதிலிருந்து ஆரம்பித்தார். சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர்; ‘அவருடைய கடவுளை நான் எடுத்துக்கொள்ளவில்லை; வலியைப் பற்றி அவர் கற்றுக்கொடுத்ததை எடுத்துக்கொண்டேன்’ என்றார். இன்றும் அத்தகைய இல்லங்கள் பெரும்பாலும் நன்கொடையிலும், பழைய துணிமணி விற்கும் தருமக் கடைகளின் வருமானத்திலுமே ஓடுகின்றன. ‘நன்றாகச் சாவதற்குப் பணம் தராத அரசு, சீக்கிரம் சாவதற்கு முதலில் பணம் ஒதுக்கினால் அதற்கு என்ன பெயர்?’ என்று கேட்டு உட்கார்ந்தார். மணி அடிக்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. இந்த மன்றத்தில் பேச்சுக்கு நடுவே கைதட்டுவதில்லையாம். தேநீர் வந்தது. பிறகு டீச்சர், ‘இனி கேள்வி நேரம்’ என்றார்.

இந்த ஊரில் கேள்வி நேரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டுதான் நான் இந்த ஊர்க் கூட்டத்தைத் தேடி வந்தேன்.

1842 மே 24. ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் பர்மிங்காமிலிருந்து பிரிஸ்டலுக்குக் கால்நடையாகப் போய்க்கொண்டிருந்தார். உலோகப் பட்டறைத் தொழிலாளியின் மகன். தானும் பட்டறையில் வளர்ந்தவர். தெய்வநிந்தனைக் குற்றத்துக்காக பிரிஸ்டல் சிறையில் இருந்த நண்பர் சார்லஸ் சவுத்வெல்லைப் பார்க்கத்தான் அந்த நடை. வழியில் செல்டன்ஹாமில் தங்கித் தொழிலாளர் கல்விக்கூடத்தில் ஒரு பேச்சு. ஏழைகளை வெளிநாட்டுக்குக் கப்பலேற்றாமல் உள்நாட்டிலேயே கூட்டுறவுக் குடியிருப்புகள் அமைக்கலாம் என்பதுதான் பொருள். பேச்சில் கடவுள் வரவே இல்லை.

பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தது. கூட்டத்திலிருந்த ஒருவர், மத ஆர்வம் உள்ளவர், எழுந்து, ‘மனிதனுக்குச் செய்ய வேண்டிய கடமையைச் சொன்னீர்கள், கடவுளுக்குச் செய்ய வேண்டிய கடமையைச் சொல்லவில்லையே? உங்கள் குடியிருப்புகளில் தேவாலயம் உண்டா?’ என்ற கருத்தில் கேட்டார். ஹோலியோக் மழுப்பியிருக்கலாம். அன்றைய செல்டன்ஹாம், பிரான்சிஸ் குளோஸ் என்ற பாதிரியாரின் பிடியில் இருந்த ஊர். குதிரைப் பந்தயத்தையும் நாடகத்தையும் எதிர்த்து இடியாக முழங்கியவர் அவர். 1839இல் எரிந்துபோன நாடகக் கொட்டகையை மறுபடி கட்டவிடவில்லை. அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு ஹோலியோக் சொன்ன பதிலின் சாரம் இது: மக்கள் கடவுளைத் தாங்க முடியாத அளவுக்கு ஏழைகளாக இருக்கிறார்கள், திருச்சபைக்காக நாடு கொட்டிக்கொடுக்கும் பணத்தைப் பாருங்கள், பணி முடிந்த படை அதிகாரிகளுக்குத் தருவதுபோலக் கடவுளுக்கும் பாதிச் சம்பளம் தரலாம்.

உள்ளூர்ப் பத்திரிகை கொதித்தது. அவர் மறுபடி செல்டன்ஹாம் வந்து பேசியபோது கைது செய்தார்கள். கைவிலங்கோடு ஏறக்குறைய ஒன்பது மைல் நடத்தியே குளோஸ்டருக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில் வழக்கு. வக்கீல் வைக்காமல் தானே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வாதாடினார். ஆறு மாதச் சிறை. அவர் உள்ளே இருக்கும்போது வெளியே அவருடைய சின்ன மகள் மேடலின் இறந்துபோனாள்.

திட்டமிட்டு ஆற்றிய உரைக்காக அவர் சிறைக்குப் போகவில்லை. எழுந்து நின்று ஒருவர் கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னதற்காகப் போனார். வெளியே வந்த பிறகும் ஊர் ஊராகப் பேசினார், எதிராளிகளோடு மேடையேறி வாதிட்டார். 1851இல் ‘செக்யூலரிசம்’ என்ற பெயரோடு ஓர் இயக்கத்தை வகுத்தார். மதத்தைத் திட்டுவதைவிட இந்த உலகத்து வாழ்வைச் சீராக்குவதே முதல் வேலை என்பது அவர் நிலை. லெஸ்டர் நகரத்தில் அவருக்குக் கூட்ட அரங்கம் மறுக்கப்பட்டதால் அவருடைய நண்பர்கள் தாங்களே ஓர் அரங்கம் கட்டினார்கள். 1881இல் திறந்த அந்தக் கட்டடத்தின் முகப்பில் சாக்ரடீஸ், வால்டேர், தாமஸ் பெய்ன், ராபர்ட் ஓவன் ஆகியோரோடு ஏசுவின் தலையும் இருக்கிறது. அந்த அலை சென்னைக்கும் வந்தது. 1878 முதல் 1888 வரை சென்னை இலௌகிக சங்கம் இயங்கியது. அதன் ‘தத்துவ விவேசினி’ இதழ் தமிழில் வாதமும் மறுவாதமுமாக வெளிவந்தது. சுயமரியாதை இயக்கம் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுக்கு முந்தைய கதை அது.

இங்கிலாந்து தெய்வநிந்தனைச் சட்டத்தை ரத்து செய்தது 2008இல்தான்.

கேள்வி நேரத்தில் முதலில் கை தூக்கியவர் சக்கர நாற்காலிப் பெண்.

‘காலையில் படுக்கையிலிருந்து எழுந்திருக்க ஓர் ஆள் வேண்டும் என்று ஒன்றரை வருஷமாக மனுப் போடுகிறேன். இருபது நிமிட உதவி. அது கிடைத்தபாடில்லை. சாவதற்கு உதவி கேட்டால் இரண்டு மாதத்தில் கிடைத்துவிடும் என்கிறீர்கள். டாக்டர், நான் சுதந்திரமாகத்தான் தேர்ந்தெடுக்கிறேன் என்று எப்படிச் சொல்வீர்கள்?’

மருத்துவர், உடல் ஊனம் மட்டும் இருந்தால் இந்த மசோதா பொருந்தாது, சாகும் நோய் இருக்க வேண்டும் என்று விளக்கினார்.

‘இன்றைக்கு’ என்றார் அந்தப் பெண்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அறையில் நாற்காலிகள்கூடக் கிரீச்சிடவில்லை. மருத்துவர் தாளைப் பார்த்தார். தாளில் இதற்குப் பதில் இல்லை என்று தெரிந்துகொண்டவராக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ‘நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று நான் வாக்குத் தர முடியாது’ என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அந்தப் பெண்ணின் அச்சம் புதிதாக இல்லை. மதுரைக்குத் தெற்கே, விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களில் ‘தலைக்கூத்தல்’ என்று ஒன்று இருக்கிறது. படுக்கையில் விழுந்த முதியவருக்கு விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீர் ஊற்றி, இளநீர் கொடுத்து, உடம்பை ஜன்னிக்கு விட்டுவிடுவார்கள். கொலை என்று யாரும் சொல்வதில்லை. பாட்டிக்கும் சம்மதம்தான் என்பார்கள். வயலுக்குப் போனால்தான் கூலி என்ற வீட்டில், பகலெல்லாம் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு முன்னால் பாட்டியின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்பதை அந்த ஊர்க்காரர்கள் நன்றாகவே அறிவார்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் விட்டதும் சம்மதம்தான். அரசனுடைய சம்மதமும் அந்தப் பாட்டியின் சம்மதமும் ஒன்றில்லை. இதை எழுந்து சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அந்தப் பெண் ‘இன்றைக்கு’ என்ற ஒரே சொல்லில் இதையெல்லாம் ஏற்கெனவே அறைக்குள் கொண்டுவந்துவிட்டார்.

அடுத்தது கேரளத்துச் செவிலியர் ஒருவர். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சிலுவை. சிநேகிதியோடு முதல் முறையாக வந்தவர். ‘எனக்கு மனசாட்சி இடம் தராவிட்டால் மறுக்கலாமா?’ என்று கேட்டார். ‘தாராளமாக. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மசோதாவிலேயே இருக்கிறது’ என்றார் மருத்துவர். ‘மறுத்தவளை மறுநாள் வார்டில் எப்படிப் பார்ப்பார்கள்?’ பதில் வந்தது எதிர்த்தரப்புச் செவிலியரிடமிருந்து. ‘அது யார் உங்கள் மேற்பார்வையாளர் என்பதைப் பொறுத்தது. நாற்பது வருஷ வேலையில் நான் கண்டது அதுதான்.’ இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கடவுள் உண்டு, மற்றவருக்கு இல்லை. இரவுப் பணி இருவருக்கும் தெரியும்.

பாதிரியார் கை தூக்கினார். வேதத்திலிருந்து ஏதோ வரப்போகிறது என்று சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் கேட்டது வேறு: ‘நோயாளி வாய் திறக்காதபோது, மருத்துவரே இப்படி ஒரு வழி இருக்கிறது என்று பேச்சை எடுக்கலாமா? மசோதா அதைத் தடுக்கவில்லை என்று படித்தேன்.’ மருத்துவர் பதில் சொல்ல எழுவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர், கனத்த குரலில், ‘இரண்டாயிரம் வருஷமாக நீங்கள்தானே கேட்காதவர்களிடமெல்லாம் போய்ப் பேச்சை எடுக்கிறீர்கள்!’ என்றார். சிலர் சிரித்தார்கள். பாதிரியார் கோப்பையைப் பார்த்துக்கொண்டார்.

டீச்சர் சிரிக்கவில்லை. ‘கேள்வி மசோதாவைப் பற்றியது. கேட்டவரைப் பற்றியதில்லை. மறுபடி கேளுங்கள், ஐயா’ என்றார் பாதிரியாரிடம்.

அந்தக் கணத்தில் எனக்கு 1891ஆம் ஆண்டின் ஒரு ரயில் நிலையம் நினைவுக்கு வந்தது. சார்லஸ் பிராட்லா, கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி எடுக்க உரிமை கேட்டு நாடாளுமன்ற இருக்கைக்காக ஆறு ஆண்டு போராடியவர், இறந்துபோனார். இந்தியாவுக்காகக் காமன்ஸ் சபையில் ஓயாமல் பேசியவர் என்பதால் லண்டனிலிருந்த இந்தியர்கள் பலரும் புரூக்வுட் இடுகாட்டுக்குப் போனார்கள். அவர்களில் இருபத்தொரு வயதுச் சட்ட மாணவர் ஒருவர், மோகன்தாஸ் காந்தி. திரும்பும்போது ரயிலுக்குக் காத்திருந்த இடத்தில், கூட்டத்திலிருந்த நாத்திகர் ஒருவர் ஒரு பாதிரியாரை மடக்கி, உலகத்தின் சுற்றளவைச் சொல்லி, உங்கள் கடவுளின் அளவு என்ன, அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். நம் இருவர் உள்ளத்திலும் இருக்கிறார் என்பது பாதிரியாரின் பதில். என்னைக் குழந்தை என்று நினைத்தீர்களா என்று நாத்திகர் ஜெயித்த முகத்தோடு சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். காந்தி அருகே நின்று பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நாத்திகத்தின்மேல் தனக்கிருந்த வெறுப்பை அந்தப் பேச்சு இன்னும் கூட்டிவிட்டது என்று சுயசரிதையில் எழுதிவைத்தார். பிராட்லா வாழ்நாளெல்லாம் சம்பாதித்த மதிப்பில் ஒரு பங்கை அந்த மனிதர் நடைமேடையில் நின்றே செலவழித்துவிட்டார். பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்பது பேசுகிறவருக்குத் தெரியாது.

பாதிரியார் மறுபடி கேட்டார். பதில் நீண்டது. பேச்சை எடுக்க வேண்டிய கடமை மருத்துவருக்கு இல்லை, தடையும் இல்லை. தடுத்தால் விவரம் தெரியாத ஏழைக்குத் தெரியாமலே போகும். தடுக்காவிட்டால் வெள்ளைக் கோட்டுக்காரர் சொல்வதே ஆலோசனையாகிவிடும். பின்வரிசைக்காரர் பிறகு ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி, கேட்கும்போது பாதிரியார் பக்கம் திரும்பி, ‘அவர் சொன்னதையொட்டி’ என்று தொடங்கினார். இதைக் குறித்துக்கொண்டவர் நான் மட்டுமில்லை. சிவப்புக் கழுத்துத் துணிப் பெண்மணியும் டீச்சரும் கண்ணால் பேசிக்கொண்டார்கள்.

கடைசிக் கேள்வி மாணவியுடையது. எழுதிவைத்துப் படித்தாள். ‘எது நடந்தால் நீங்கள் இருவரும் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?’

இதற்கு இருவருமே தயாராக வந்திருக்கவில்லை. மருத்துவர்தான் முதலில் பேசினார். ‘சட்டம் வந்து சில வருஷம் கழித்து, இதைத் தேர்ந்தெடுத்தவர்களில் தனியாக வாழ்பவர்களும் ஏழைகளும்தான் அதிகம் என்று தெரியவந்தால், நான் இன்று பேசியது தவறு.’ செவிலியர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘எல்லா மாவட்டத்திலும் எல்லோருக்கும் காசில்லாமல் நல்ல பராமரிப்பு கிடைத்து, அதற்குப் பிறகும் ஒருவர் என்னிடம் வந்து கேட்டால்… அப்போது எனக்கு மறுக்க உரிமை இல்லை. என் பேரில் நான் மறுக்கலாம். அவர் பேரில் முடியாது.’ மாணவி இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

நான் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். நம் ஊரில் பட்டிமன்ற நடுவர் தீர்ப்புச் சொல்லும்வரை கூட்டம் கலையாது; தீர்ப்பில்தான் சுவை. இங்கே தீர்ப்பு இல்லை, கை தூக்கி எண்ணவும் இல்லை. இவர்களுடைய கருத்துகளில் பாதி எனக்கு உடன்பாடு இல்லாதவை. ஆனால் ஊருக்கு இப்படி ஓர் அறை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 1927 மார்ச் 6 அன்று தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், தான் ஏன் கிறிஸ்தவன் இல்லை என்று பேசியதும் தென் லண்டன் கிளைச் சங்கம் ஒன்று பாட்டர்சீ நகர மண்டபத்தில் கூட்டிய கூட்டத்தில்தான். ஓர் உள்ளூர்ச் சங்கம் அறிவிப்புப் பலகை எழுதி, விளக்குப் போட்டு, நாற்காலி போட்டுவைத்ததால் பிறந்த பேச்சு அது.

கூட்டம் முடியுமுன் ஒரு வேலை பாக்கியிருந்தது. மன்றத்தின் சார்பில் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதுவதென்று முன்பே தீர்மானித்திருந்தார்கள். ஆதரவுக் கடிதம் ஒன்று தயாராகவும் இருந்தது. அதை வாசித்துக் காட்டிய டீச்சர், ‘இன்று கேட்டதற்குப் பிறகு, இதை நாம் எல்லோருடைய கடிதம் என்று அனுப்ப எனக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்றார். ஒருவர், தேசிய அமைப்பின் நிலைப்பாடு தெளிவாக இருக்கும்போது நாம் ஏன் குழம்ப வேண்டும் என்றார். இன்னொருவர், மன்றம் என்று இருந்தால் ஒரு குரலில் பேச வேண்டாமா என்றார். தேநீர்க்காரர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ‘இரண்டு கடிதம் எழுதுவோம். ஒரே உறையில் வைப்போம்’ என்றார். அதிலும் கொஞ்சம் வாதம் நடந்தது. கடைசியில் அதுவே முடிவானது. ஒவ்வொரு கடிதத்திலும் விரும்புகிறவர்கள் கையெழுத்துப் போடலாம். சக்கர நாற்காலிப் பெண் எந்தக் கடிதத்தில் போடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்களோ அதில்தான் போட்டார். பாதிரியார், தான் உறுப்பினர் இல்லை என்று சொல்லி இரண்டிலும் போடவில்லை.

எதிர்ப்புக் கடிதத்தைச் செவிலியர் அங்கேயே, பிஸ்கட் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, கையால் எழுதினார். எழுதி முடித்ததும் மருத்துவரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை முகத்தருகே வைத்துப் படித்தார். இரண்டாம் பத்தியில் விரலை வைத்தார்.

‘பன்னிரண்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். மசோதாவில் ஆறு மாதம். இந்தத் தப்பு இருந்தால் முழுக் கடிதத்தையும் ஓரமாக வைத்துவிடுவார்கள்.’

செவிலியர் அந்த எண்ணை அடித்துத் திருத்தினார். மருத்துவர் தாளைத் திரும்ப வாங்கி, மிச்சத்தையும் படித்தார்.